துண்டில் மறைத்த பல்செட்டு

குமரேசா,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், காரணம் நான்தான் என்பதும் தெரியும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது. பல்செட்டை மாட்டிக்கொண்டு பேசினால் வாய்க்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி இருக்கிறது. கழற்றிவிட்டுப் பேசினால் வெறும் காற்றுத்தான் வருகிறது. பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். எழுதுவதற்குப் பல் வேண்டாம், ஆகவே எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி.

சுகந்தியை நீ கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் குறுக்கே நிற்கவில்லை. அவள் செங்கம் பக்கத்துக் காலனிப் பெண், நாம் மலையில் கவுண்டர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், ஊர் நாலும் பேசும் என்று தெரிந்தேதான் சரி என்றேன். திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரைக்கும் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவன் நான். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை, இடம் இருந்தால் உட்கார வைத்தேன் என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட அப்பன், நிச்சயத்தன்று அவர்கள் வீட்டு இலையில் உட்கார்ந்து, வாயில் வைத்ததைத் துண்டில் துப்பிவிட்டு எழுந்து போனான். நீ பார்த்தது அதுதான். அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தது அதுதான். என்னை விட்டுவிட்டுப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக உன் அத்தையிடம் சொல்லியனுப்பினாய். எனக்கு இருப்பது நீ ஒருவன். உன் கல்யாணத்தில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பது இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பல்லில் ஆரம்பிக்கிறேன். என் பல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் வறுத்த புளியங்கொட்டையைத் தோலோடு மென்றவன். சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டினால்தான் உனக்குச் சாப்பாடு இறங்கும் என்ற காலம் ஒன்று இருந்தது. அதை எல்லாம் கெடுத்தது நானேதான். முதல் டிரிப்புக்கு எழுந்திருக்க வேண்டும், தூக்கம் வரக்கூடாது என்று புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டேன். முதலில் கடைவாய் ஆடியது. ஒருநாளும் அதை உன் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவள் தானாகக் கண்டுபிடித்தாள். கறி எடுத்தால் குழையக் குழைய வேகவைப்பாள்; ஏன் இப்படிக் கூழாக்குகிறாய் என்று நான் சத்தம் போட்டால், "இன்னா பண்றது, எனக்குத்தான் கடிக்க முடியல" என்பாள். அவளுக்குப் பல் அத்தனையும் திடமாக இருந்தது. போகிற வரைக்கும் அப்படியே சமாளித்தாள், நானும் அவளுக்குத்தான் பல் சரியில்லை என்பதுபோல அவளைக் கேலி செய்துகொண்டு சாப்பிட்டேன். ஒரு நன்றி சொல்லவில்லை. அவள் போன பிறகு நானே சமைத்துச் சாப்பிட்டபோதுதான், அந்தக் கறி வேக எவ்வளவு விறகு பிடித்திருக்கும் என்று புரிந்தது.

கல்யாணப் போட்டோவில் அப்பா பொக்கை வாயோடு நிற்கக் கூடாது என்று நீதான் பிடிவாதமாக என்னைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப் போனாய். மிச்சம் மீதி நின்றதையும் பிடுங்கி, ஈறு ஆறின பிறகு அளவெடுத்து, டாக்டரம்மா செட்டை மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கண்ணாடியில் இருந்த ஆள் எனக்கு முன்பின் தெரியாதவன். உதடு முன்னே தள்ளி, கன்னம் உப்பி, ஏதோ தேர்தலில் நிற்கிறவன் மாதிரி இருந்தான். நீ சிரித்தாய். பத்து வயது குறைந்துவிட்டது என்றாய். டாக்டரம்மா சொன்னதெல்லாம் உன் காதிலும் விழுந்தது: முதலில் எச்சில் ஊறும், குமட்டும், கஞ்சியும் இட்லியுமாகச் சாப்பிடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக மெல்லுங்கள், பேப்பரைச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள், எங்கேயாவது குத்தினால் உடனே வாருங்கள், தேய்த்துச் சரி செய்து தருகிறேன். ஒட்டுகிற பண்டம் எதுவும் கூடாது என்பதை மட்டும் அவள் திரும்பவும் சொன்னாள்.

நீ வேலைக்குத் திரும்பின பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மேல் செட்டு அண்ணம் முழுக்க மூடிக்கொண்டதால் எதைத் தின்றாலும் ருசியில்லை, உப்பும் புளியும் ஒன்றுதான். கீழ் செட்டு ஓர் இடத்தில் நிற்காது. நாக்கு ஒரு பக்கம் போனால் அது மறுபக்கம் மிதக்கும். இடது பக்கம் ஈறில் புண்ணாகிவிட்டது. டக்டக்கென்று சத்தம் வேறு. என்னோடு பஸ்ஸில் வேலை பார்த்த டிரைவர் ஒருவர் டீக்கடையில், "இன்னா கண்டக்டரே, வாய்க்குள்ள டிக்கெட் மிஷின் வெச்சினு இருக்கியா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரித்தால் செட்டு இறங்கும் என்று வாயை இறுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து கடைக்குப் போவதை விட்டேன். திருப்பத்தூருக்குப் போய்ப் புண்ணைக் காட்ட வேண்டும் என்றால் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும், அதே ஆட்கள்தான் கேட்பார்கள். போகவில்லை. வீட்டில் இருக்கும்போது கழற்றித் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு ராகிக் கூழைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். யாராவது வாசலில் கூப்பிட்டால் ஓடிப்போய் மாட்டுவேன். நீ போன் செய்து எப்படிப்பா இருக்கிறது என்று கேட்டால், சொந்தப் பல் மாதிரி இருக்கிறது, நேற்றுக்கூட முறுக்குத் தின்றேன் என்று புளுகினேன். நீ சந்தோஷப்பட்டாய். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஜாதி நான்.

நம் வழக்கம் உனக்கே தெரியும். சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். முடிந்துவிட்டால் அந்த வீட்டில் கை நனைக்காமல் எழ மாட்டோம். மாப்பிள்ளையைப் பெற்றவன் முதலில் இலையில் கை வைக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். அவன் எழுந்தால் பந்தியே எழ வேண்டும். தட்டு மாற்றி முடித்ததும் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் உன் பெரியப்பா, அவருக்கு அப்பால் ஊர்ப் பெரியவர்கள். சுகந்தியின் அம்மா தானே செய்த அதிரசத்தைத் தானே கொண்டு வந்து, முதலில் என் இலையில் வைத்துவிட்டு, நகராமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயில் வைக்கிறேனா என்று அந்த வீடே பார்த்துக்கொண்டிருந்தது. புண் எரிந்துகொண்டிருந்தது. ஒட்டுகிற பண்டம் என்று தெரியும். சோற்றை மட்டும் கொஞ்சம் பிசைந்து முழுங்கியிருக்கலாம், இனிப்பைத்தான் முதலில் தொட வேண்டும் என்கிற முறை கையைப் பிடித்துத் தள்ளியது. கடித்தேன். வெல்லப்பாகு மேல் செட்டைக் கவ்விக்கொண்டது. அதிரசத்தை இழுத்தேன், செட்டு அதோடு வந்தது. அண்ணத்திலிருந்து அது விட்டுவிட்ட வேகத்தில் தொண்டை வரைக்கும் குமட்டியது. தோளில் இருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்தி, அதிரசம், பல்செட்டு, எச்சில் எல்லாவற்றையும் அதற்குள் வாங்கிக்கொண்டேன். இலையை மடித்தேன். எழுந்தேன்.

சுகந்தியின் அப்பா ஓடி வந்தார். அவர் மேஸ்திரி வேலை பார்க்கிறவர், குரலே உரத்த குரல், அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டார். "இன்னாங்க சம்பந்தி, எதுனா தப்பாய்டுச்சா?" துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு கிழவர்கள் சிரித்திருப்பார்கள், அந்த அம்மா ஒரு கிண்ணம் பாயசம் கொண்டு வந்திருப்பாள், முடிந்திருக்கும். மேல் ஈறு மொட்டையாக, பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்தியபடி தலையை ஆட்டிவிட்டு, நாம் வந்த வேனில் போய் ஏறிக்கொண்டேன். என் பின்னால் நம் ஆட்கள் எல்லாரும் இலையைத் தொடாமல் எழுந்து வந்தார்கள். சுகந்தி கதவோரம் நின்றதை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் அழவில்லை. இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனில் நீ என் பக்கத்தில் குனிந்து, "பல்லு வலிக்குதாப்பா?" என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல நீ எனக்குக் கதவைத் திறந்துவிட்டாய், குமரேசா. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்குள் நான் முகத்தைத் திருப்பிச் செட்டை மாட்டியிருந்தேன், பேசியிருக்கலாம். பின் சீட்டில் ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன். உடனே உன் பெரியப்பா என் தோளில் தட்டினார். "நல்ல காரியம் பண்ணே தம்பி. நாங்களும் எப்படிடா கை வெக்கிறதுன்னுதான் பாத்துனு இருந்தோம்" என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். மானஸ்தன் என்று ஒருவர் சொன்னார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அண்ணனை மறுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. பொக்கை வாயன் என்று சிரிப்பதைக் காட்டிலும் மானஸ்தன் என்று தட்டிக்கொடுப்பது அந்த நேரத்துக்கு எனக்குச் சுகமாக இருந்தது. எழுதக் கை வரவில்லை, ஆனால் அது உண்மை. ஒரு குடும்பத்தை ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டு, அதில் கிடைத்த மரியாதையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். செங்கம் தாண்டும் முன்பே வேனை நிறுத்தச் சொல்லி நீ இறங்கினாய். திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். உடம்பில் வருகிற குறையைச் சுகந்தியிடம் மறைக்காதே. கண் மங்கினால் மங்கியது என்று சொல். முட்டி வலித்தால் வலிக்கிறது என்று சொல். நீ சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியத்தான் போகிறது. உன் அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி தெரிந்துகொண்டு, உன் வீம்புக்காக அவள் பொய் சொல்லிக்கொண்டு வாழ வேண்டியிருக்கும். ஆம்பிளை வீம்பைப் பொம்பிளைதான் சுமக்கிறாள். நான் மறைத்த பல்லுக்கு உன் அம்மா விறகு எரித்தாள், சுகந்தி குடும்பம் தலைகுனிந்தது. நான் ஒருவன்தான் நஷ்டமில்லாமல் இருந்தேன்.

உன் அத்தை வந்து நீ சொல்லியனுப்பியதைச் சொன்ன மறுநாள் நான் பஸ் ஏறினேன். முதலில் திருப்பத்தூர். யாராவது கேட்டால் பல்செட்டு குத்துகிறது என்று சொல்லலாம் என்று தயாராக இருந்தேன், கடைசியில் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டினாள். கீழ் செட்டில் குத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். இத்தனை நாள் நான் பட்ட வேதனை எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலையாக இருந்தது. அங்கிருந்து செங்கம் போய், சுகந்தியின் ஊருக்கு நடந்தே போனேன். சுகந்தியின் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள், வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய் அவரைக் கூப்பிட்டாள்.

பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் வந்து நின்றதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. துண்டால் மறைக்காமல், முகத்தைத் திருப்பாமல், மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "அன்னிக்கு அதிரசத்துல இதாங்க ஒட்டினு வந்துச்சு. வெக்கப்பட்டுனு எழுந்துட்டேன். எனக்குச் சோறு போடுங்க" என்றேன். அவர்களுக்கு என் பேச்சு பாதிதான் புரிந்திருக்கும். கையில் இருந்ததைப் பார்த்து மீதியைப் புரிந்துகொண்டார்கள். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே கூட்டிப் போய் மணை போட்டு உட்கார வைத்தாள். ரசம் ஊற்றி, குழந்தைக்குப் பிசைகிற மாதிரி சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். பல்செட்டு இல்லாமலேயே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்கு அப்புறம் சாப்பாட்டில் உப்பும் புளியும் தனித்தனியாகத் தெரிந்தது. காரியம் முடிந்தது, வீட்டுக்குப் போனதும் உனக்கு எழுதிவிடலாம், நீ என்னைத் தப்பாக நினைத்துவிட்டாய் என்று எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியம் சேர்த்துக்கொண்டே கை கழுவினேன்.

சுகந்தியின் அப்பா என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை. நான் கையைத் துடைக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "சாப்ட்டீங்க, சந்தோசங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நாங்க மொத மொதல்ல வூடு பாக்க மலைக்கு வந்தப்போ, ஓட்டல்ல சோறு வாங்கியாந்து வாசல்லியே பந்தல் கட்டிப் போட்டீங்க. ஒரு வாய்த் தண்ணிக்குக்கூட எங்களை உள்ள கூப்புடல. அதுக்கும் பல்லுதான் காரணமுங்களா?"

அன்றைக்கு நான் உன்னிடம் சொன்ன காரணம் உனக்கு நினைவிருக்கும். வீட்டில் பொம்பிளை இல்லை, அத்தனை பேருக்கு யார் சமைப்பது, உள்ளே இடம் போதாது என்றேன். நீயும் நம்பினாய், அல்லது எனக்காக நம்பின மாதிரி இருந்தாய். உன் அத்தை பெண்ணின் சடங்குக்கு ஊருக்கே கறிச்சோறு ஆக்கிப்போட்டவன் நான். அன்றைக்கு நம் நடுக்கூடத்தில் அறுபது பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஸ் சீட்டில் உட்கார வைத்தேன் என்று பெருமையடித்தவனுக்கு, தன் வீட்டு நடுக்கூடம் என்றதும் கை வரவில்லை. அதை எனக்கு நானே சாதி என்று சொல்லிக்கொண்டதில்லை. வசதி, இடம், ஆள் என்று வேறு பேர் வைத்திருந்தேன். என் வாயில் பல் இல்லை, அவரை ஏமாற்றப் பொய்யும் வரவில்லை. "இல்லைங்க" என்றேன். "அது பல்லு இல்லைங்க."

அவர் கோபப்படவில்லை. தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். அவர்கள் இருவரையும் கும்பிட்டு, என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். நம் வீட்டுக்கு வந்து, உள்ளே உட்கார்ந்து, என் கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று கூப்பிட்டேன். உன் பெரியப்பாவிடமும் மற்றவர்களிடமும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன் என்றேன். மலை ஏறினதும் முதல் வேலையாக அதைச் செய்துவிட்டேன். அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. சுகந்தியின் அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாக்கலாங்க" என்றார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

வேனில் நீ என்னைப் பார்த்த பார்வைக்காக இத்தனை நாளும் உன்மேல் கோபமாக இருந்தேன். பெற்ற அப்பனைப் போய் இப்படி நினைத்துவிட்டானே, பல் வலியைச் சாதித் திமிர் என்று எடுத்துக்கொண்டானே என்று தனியாக உட்கார்ந்து பொருமினேன். அன்றைக்கு இலையிலிருந்து எழுந்தது பல்லால்தான், அதில் பொய்யில்லை. ஆனால் என்னைப் பற்றி நீ நினைத்தது தப்பில்லை, மகனே. நீ சரியாகத்தான் பார்த்தாய்.

கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதைச் சுகந்தியும் அவள் அப்பா அம்மாவும் சொல்லட்டும். நீ சொல்லாதே. நீ என் பிள்ளை, இதைப் படித்துவிட்டு இரக்கப்பட்டு வரச் சொல்லிவிடுவாய்.

உன் அப்பா